பி16ஏ ஏற்றிய பழைய சிவிக் மக்கர் செய்தால்: அறிகுறிவாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

1991 முதல் 1995 வரை வெளிவந்த ஹோண்டா சிவிக் ஹேட்ச்பேக்கை இஜி என்றுதான் பலரும் அழைக்கிறார்கள். சாதாரண வகைகள் பலவற்றில் இருப்பது டி15 குடும்பத்து 1.5 லிட்டர் எஞ்சின். அதே உடலில் ஜப்பானில் விற்ற எஸ்ஐஆர் காருக்கு, அதாவது இஜி6-க்கு, ஹோண்டா போட்டது 1,595 சிசி பி16ஏ. இரட்டைக் கேம்ஷாஃப்ட், வீடெக் (அதிகச் சுற்றில் வால்வுகளின் திறப்பை மாற்றும் ஹோண்டா அமைப்பு), நிமிடத்துக்கு 7,800 சுற்றில் 170 குதிரைத்திறன். வீட்டு வாசலில் இந்த மாற்றத்தைச் செய்கிறவர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. தொழிற்சாலை செய்து காட்டியதைத்தான் திரும்பச் செய்கிறார். இணைந்து ஓட வேண்டிய காரும் எஞ்சினும்தான் இவை.

எஞ்சினை எப்படி இறக்குவது, ஏற்றுவது என்பது இங்கே இல்லை. எல்லாம் பூட்டி முடித்துச் சாவியைத் திருப்பிய பிறகு ஏமாற்றம் அடைந்தவர்களுக்கான குறிப்புகள் இவை. நேற்றுவரை ஓடிய எஞ்சினும் நேற்றுவரை ஓடிய காரும் சேர்ந்ததும் ஓடவில்லை என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது அவை சந்திக்கும் இடங்களை: எர்த் வயர், சாக்கெட், குழாய், ஷாஃப்ட் முனை. நம் கை பட்ட இடங்கள் அவைதாம். அவற்றைப் பார்க்காமல் சென்சார் வாங்கக் கடைக்கு ஓடுகிறவரைக் கண்டால் கடைக்காரருக்கு மட்டுமே மகிழ்ச்சி.

மலேசியாவில் எஞ்சின் பெரும்பாலும் வருவது ஹாஃப் கட்டிலிருந்து: ஜப்பானில் பாதியாக வெட்டி இறக்குமதியாகும் காரின் முன்பகுதி. எஞ்சின், கியர்பாக்ஸ், வயரிங், ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) எல்லாம் ஒரே காருடையதாக வாங்கியவருக்குக் கீழே சொல்லும் தொல்லைகளில் பாதி வராது. துண்டு துண்டாகச் சேர்த்தவர் ஒவ்வொரு வரியையும் படிப்பது நல்லது.

கையில் இருக்க வேண்டியவை மல்டிமீட்டர், டைமிங் லைட், நல்ல நிலையில் உள்ள ஒரு ஸ்பார்க் பிளக், இரு முனையும் உரித்த சிறு வயர். தீயணைப்பானும் பக்கத்தில் இருக்கட்டும். பெட்ரோல் குழாயைத் தொடும் முன் வடிகட்டியின் தலையில் உள்ள சிறு போல்ட்டைத் துணியால் மூடி மெதுவாகத் தளர்த்தி அழுத்தத்தை இறக்குங்கள். கார் அணைந்து வெகு நேரமானாலும் குழாய்க்குள் அழுத்தம் இருக்கும்.

எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது

இதைப் பிழை என்று எண்ணாதீர்கள். இந்த வேலையில் உங்களுக்கு உள்ள ஒரே சாட்சி இதுதான். டேஷ்போர்டுக்குக் கீழே, பயணி அமரும் பக்கம், எதிலும் செருகப்படாமல் தொங்கும் இரண்டு முனைச் சாக்கெட் ஒன்று இருக்கும். பக்கத்திலேயே மூன்று முனை உள்ளதும் இருக்கும்; அதைத் தொட வேண்டாம். இரண்டு முனையையும் சிறு வயரால் இணைத்துச் சாவியைத் திருப்பினால், எஞ்சின் ஓடாமலே விளக்கு சிமிட்டத் தொடங்கும். நீண்ட சிமிட்டல் பத்து, குறுஞ்சிமிட்டல் ஒன்று. நீளமாக இரண்டு, குறுகலாக ஒன்று என்றால் 21.

மாற்றிய காரில் அடிக்கடி வருபவை சில. 3 என்றால் இன்டேக் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார். 4, 8, 9 மூன்றும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் (பொறியைப் பிளக்குகளுக்குப் பங்கிடும் பகுதி) இருக்கும் சென்சார்கள். 6 கூலன்ட் வெப்பம், 7 திராட்டில் நிலை, 14 ஐடில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் சுற்று) வால்வு, 15 பற்றவைப்பு, 17 வேக சென்சார், 21 வீடெக் சொலினாய்டு (வீடெக்குக்கு ஆயிலைத் திறந்துவிடும் மின்வால்வு), 22 வீடெக் ஆயில் அழுத்த சுவிட்ச், 23 நாக் சென்சார் (எஞ்சினுக்குள் தட்டும் ஒலியை உணர்வது). எண் வந்தவுடன் அந்தப் பொருள் கெட்டுவிட்டது என்று பொருள் கொள்ளக் கூடாது. அந்தப் பொருளுக்கும் ஈசியூவுக்கும் இடையே எங்கோ பேச்சு நின்றுவிட்டது, அவ்வளவுதான். வயரின் இரு முனையிலும் மீட்டரை வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

பழுது பார்த்த பின் பழைய எண்ணை அழிக்க, எஞ்சின் அறை ஃபியூஸ் பெட்டியில் ‘பேக்கப்’ என்று எழுதிய 7.5 ஆம்பியர் ஃபியூஸைப் பத்து விநாடி கழற்றி மாட்டுங்கள். ரேடியோவின் நினைவும் கடிகாரமும் சேர்ந்து போகும்.

சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்ற ஒலி மட்டும்

பேட்டரியைக் குறை சொல்லும் முன் எர்த்தைப் பாருங்கள். ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எதிர்முனையிலும் மறு முனையை எஞ்சின் உலோகத்திலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. பேட்டரியிலிருந்து உடலுக்கும் கியர்பாக்ஸுக்கும் போகும் கம்பி, வால்வு மூடியிலிருந்து முன்சட்டத்துக்குப் போகும் கம்பி, இரண்டும் பளிச்சென்ற வெறும் உலோகத்தில் உட்கார வேண்டும். எஞ்சின் அறைக்கு ஆசையாகப் புதுப் பெயின்ட் அடித்தவர்களின் கார்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்ளும். பெயின்ட்டின் மேல் இறுக்கிய எர்த் போல்ட் வெறும் அலங்காரம்.

ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பற்றவில்லை

இங்கே வரிசை முக்கியம். சாவியை ‘ஆன்’ நிலைக்கு மட்டும் கொண்டுபோய் நிறுத்துங்கள். எச்சரிக்கை விளக்கு இரண்டு விநாடி எரிந்து அணைய வேண்டும். அதே இரண்டு விநாடி பின்னிருக்கைப் பக்கமிருந்து பெட்ரோல் பம்பின் ரீங்காரம் கேட்க வேண்டும்.

விளக்கே எரியவில்லை என்றால் ஈசியூவுக்கு உயிர் இல்லை. முதல் குற்றவாளி தெர்மோஸ்டாட் உறையின் மேல் போல்ட் செய்யப்படும் எர்த் முனை. எஞ்சின் வயரிங்கிலிருந்து வந்து அங்கே மாட்டும் அந்தக் கம்பிகள்தாம் ஈசியூவின் எர்த். ஹோஸுக்குக் கீழே மறைந்து கிடப்பதால் மறந்துபோவது எளிது. அது சரியாக இருந்தால் ஃபியூஸ், அடுத்து மெயின் ரிலே.

விளக்கு சரியாக எரிந்து அணைகிறது, பம்ப் மட்டும் மௌனம் என்றாலும் மெயின் ரிலேயைப் பாருங்கள். அந்தக் காலத்து ஹோண்டாக்களின் தீராத வியாதி அது. உள்ளே உள்ள ஈயப் பற்றுகளில் மயிரிழை விரிசல் விழும். வெயிலில் நின்ற கார் பிடிவாதம் பிடிக்கும், மாலையில் ஒன்றும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். மூடியைக் கழற்றி, பற்றுகளைச் சூடுபோட்டுப் புதுப்பித்தால் போதும், புதியதும் வாங்கலாம். எஞ்சின் மாற்றத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆனால் மாற்றிய வாரத்தில்தான் தலைகாட்டும், பழி புது எஞ்சின் மேல் விழும்.

பம்ப் ஓடினால் அடுத்து பொறி. மாற்று பிளக்கை வயரில் செருகி, அதன் உடலை எஞ்சின் உலோகத்தில் அழுத்தி வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். வெறும் கையால் பிடிக்க வேண்டாம், பெட்ரோல் வாடை இருக்கும் இடத்தில் இதைச் செய்யவும் வேண்டாம். பொறி இல்லையென்றால் டிஸ்ட்ரிபியூட்டரின் தலைமுறையைச் சரிபாருங்கள். ஹோண்டாக்காரர்கள் எஞ்சின் மின்னணு அமைப்பின் தலைமுறைகளை ஓபிடி-0, ஓபிடி-1 என்று பிரிப்பார்கள்; இஜியின் வயரிங் ஓபிடி-1 தலைமுறை. 1991-க்கு முந்திய சிவிக், ஹோண்டாவின் இன்னொரு காரான இன்டெக்ரா ஆகியவற்றிலிருந்து வந்த பி16ஏ ஓபிடி-0. அதன் டிஸ்ட்ரிபியூட்டர் சாக்கெட் இஜியின் வயரிங்கில் பொருந்தாது. வயரை வெட்டி ஒட்டுவதைவிட ஓபிடி-1 காலத்து பி வகை டிஸ்ட்ரிபியூட்டரை வாங்கிப் பூட்டுவது மேல். தலைமுறை சரி, 15 என்று சிமிட்டுகிறது என்றால் உள்ளே உள்ள இக்னைட்டர் மாடியூல்.

பொறியும் உண்டு, பெட்ரோலும் உண்டு, எஞ்சின் இருமுகிறது, இன்டேக் வழியாக வெடிக்கிறது என்றால் வரிசை தவறியிருக்கிறது. பற்றவைப்பு வரிசை 1-3-4-2. டிஸ்ட்ரிபியூட்டரின் அடிப்பற்கள் ஒரே நிலையில்தான் பொருந்தும், அதைத் தலைகீழாக மாட்ட முடியாது. ஆனால் மூடியில் வயர்களை மாற்றிச் செருகலாம். டைமிங் பெல்ட்டைக் கழற்றியிருந்தால் அதையும் பாருங்கள்: முதல் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது இரண்டு கேம் சக்கரங்களின் கோடுகளும் நேருக்கு நேர் சந்திக்க வேண்டும். கையால் சுற்றிப் பார்க்கிறவர் கவனிக்க: இந்த எஞ்சின் கிராங்க் கப்பிப் பக்கமிருந்து பார்த்தால் கடிகாரமுள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். பழக்கதோஷத்தில் வலப்பக்கம் திருப்பினால் பெல்ட் தளர்ந்து பல் தாவக்கூடும்.

பல தடவை முயன்று பிளக் பெட்ரோலில் நனைந்துவிட்டால், ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். அந்த நிலையில் ஈசியூ பெட்ரோலை நிறுத்திவிடும், சிலிண்டர் காய்ந்துவிடும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. இன்ஜெக்டர்களின் மின்தடையை அளக்காமல் பழைய வயரிங்கில் செருகாதீர்கள். 10 முதல் 13 ஓம் என்றால் நேரடியாக மாட்டலாம். இரண்டு ஓம் அளவில் காட்டினால் அவை குறைந்த தடை வகை. இடையே ரெசிஸ்டர் பெட்டி வேண்டும். அது இல்லாமல் ஓட்டினால் சிறிது நேரம் ஓடும், பிறகு ஈசியூவுக்குள் இருக்கும் டிரைவர் டிரான்சிஸ்டர் எரிந்துபோகும். ஹாஃப் கட்டில் எஞ்சின் அறைச் சுவரில் ஒட்டியிருந்த அந்தச் சிறு அலுமினியப் பெட்டியை வேண்டாத பொருள் என்று விட்டுவிட்டு வந்தவர்கள் இப்போது அதைத் தேடிப் போக வேண்டியதுதான்.

ஐடில் ஏறி இறங்கி ஊசலாடுகிறது

சுற்றுமானியின் முள் ஆயிரத்துக்கும் இரண்டாயிரத்துக்கும் இடையே தாளம் போடும். கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது என்று பொருள். ஈசியூ அதைக் குறைக்கப் பெட்ரோலை வெட்டுகிறது, சுற்று விழுகிறது, மீண்டும் கொடுக்கிறது.

பலர் உடனே ஐடில் வால்வைக் கழற்றித் துடைக்கத் தொடங்குவார்கள். முதலில் கூலன்ட்டில் காற்று தங்கியிருக்கிறதா என்று பாருங்கள். திராட்டிலுக்கு அடியில் உள்ள வேக ஐடில் வால்வு மெழுகால் இயங்குவது. சூடான கூலன்ட் அதன் வழியே ஓடினால்தான் மூடும். அங்கே காற்றுக்குமிழி நின்றால் எஞ்சின் எவ்வளவு சூடானாலும் அது திறந்தே இருக்கும். சோதனை எளிது. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, இன்டேக் குழாயைக் கழற்றி, திராட்டிலின் வாயில் கீழே உள்ள துளையை விரலால் மூடிப் பாருங்கள். சூடான நிலையில் அங்கே உறிஞ்சுதல் இருக்கக் கூடாது. இருந்து, மூடியதும் ஊசலாட்டம் நின்றால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள். கூலன்ட்டில் காற்றை வெளியேற்றிப் பாருங்கள். தீரவில்லை என்றால் வால்வைத் திறந்து உள்ளே தளர்ந்திருக்கும் பிளாஸ்டிக் மரையை மென்மையாக இறுக்குங்கள்.

துளையில் உறிஞ்சுதல் இல்லையென்றால் வேக்குவம் குழாய்கள், இன்டேக் மேனிஃபோல்டின் கேஸ்கெட், பிரேக் பூஸ்டர் குழாய் ஆகியவற்றை வரிசையாகப் பாருங்கள். ஐடில் வால்வு கடைசியில்தான்.

ஐடில் நிலைத்தபின் டைமிங்கை வையுங்கள். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும். முன்பு சொன்ன இரண்டு முனைச் சாக்கெட்டை வயரால் இணைத்திருக்க வேண்டும். இணைக்காமல் டைமிங் பார்ப்பது வீண், ஈசியூ அதைத் தன் விருப்பப்படி மாற்றிக்கொண்டே இருக்கும். கப்பியில் தனியாக நிற்கும் வெள்ளைக்கோடு உச்சிநிலை. மூன்று கோடுகள் சேர்ந்திருக்கும் இடத்தில் நடுவில் உள்ள சிவப்புதான் நமக்கு வேண்டிய 16 டிகிரி.

எல்லாம் சரி, வீடெக் மட்டும் திறக்கவில்லை

இவ்வளவு பாடுபட்டதே இதற்காகத்தான் என்பதால், இந்த அறிகுறிக்குத்தான் புலம்பல் அதிகம். கார் ஓடும், ஆனால் 5,500 சுற்றைத் தாண்டியதும் வர வேண்டிய குரல் மாற்றமும் உந்துதலும் வராது.

முதலில் ஒரு தவறான சோதனையை விலக்கிவிடலாம். நின்ற இடத்தில் நியூட்ரலில் முடுக்கிப் பார்த்து வீடெக் வரவில்லை என்று முடிவு செய்யக் கூடாது. ஹோண்டாவின் ஈசியூ சுற்றை மட்டும் பார்ப்பதில்லை. கூலன்ட் சூடாக இருக்க வேண்டும், கார் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், எஞ்சின் மேல் பாரம் இருக்க வேண்டும். அதனால்தான் வேக சென்சாரின் வயர் விட்டுப்போன காரில் வீடெக் ஒருபோதும் வராது. ஸ்பீடோமீட்டர் செத்துக் கிடந்தால், 17 என்று சிமிட்டினால், முதலில் கியர்பாக்ஸ் மேல் உள்ள அந்த மூன்று வயர் சாக்கெட்டைப் பாருங்கள்.

அடுத்தது ஈசியூ. வீடெக் இல்லாத சிவிக்கோடு வந்த ஈசியூவுக்குச் சொலினாய்டை இயக்கும் வேலை தெரியாது. ஈசியூக்களை அவற்றின் மேல் உள்ள எண்ணால் அழைப்பார்கள்: இஜி6-உடன் வந்த பி30 இருந்தால் தொல்லை இல்லை. பி28 வீடெக்கைத் திறக்கும், ஆனால் அதன் பெட்ரோல் கணக்கு ஒற்றைக் கேம்ஷாஃப்ட் டி16இசட்6 எஞ்சினுக்கு எழுதப்பட்டது. சிப் மாற்றி, பி16ஏ-வுக்கான கணக்கு ஏற்றாமல் அதை வைத்து முழு வேகத்தில் ஓட்டுவது எஞ்சினோடு விளையாடுவது. இன்டெக்ராவின் பி72 போட்டால் அது நாக் சென்சாரைத் தேடும்; இல்லையென்றால் 23 என்று முறையிடும்.

ஈசியூ சரியென்றால் வயர்கள். சாதாரண இஜியின் வயரிங்கில் இவை இருக்காது, நாமே இழுக்க வேண்டும். ஓபிடி-1 ஈசியூவில் சொலினாய்டுக்கு ஏ4, அழுத்த சுவிட்சுக்கு டி6, நாக் சென்சார் இருந்தால் அதற்கு டி3. சொலினாய்டின் தடை 14 முதல் 30 ஓம் வரை இருக்க வேண்டும். அதன் முனைக்கு 12 வோல்ட் தொட்டால் ‘கிளிக்’ என்று ஒலிக்க வேண்டும். ஒலித்தால் சொலினாய்டு நலம், வயரில்தான் குறை.

அழுத்த சுவிட்சின் போக்கு பலரைக் குழப்புகிறது. எஞ்சின் நிற்கும்போது அது மூடியிருக்கும், மீட்டர் தொடர்ச்சி காட்டும். வீடெக் திறந்து ஆயில் அழுத்தம் வந்ததும் சுற்று அறுபடும். ஆகவே டி6 வயர் இணைக்கப்படாமல் இருந்தால், அழுத்தம் வராத நேரத்திலேயே வந்துவிட்டதாக ஈசியூ எண்ணி 22 சிமிட்டும், வீடெக்கைப் பூட்டிவிடும். அந்த வயரை நிரந்தரமாக எர்த் செய்து ஏமாற்றப் பார்க்கிறவர்களும் உண்டு. அப்போது சொலினாய்டு திறந்த பிறகும் அழுத்தம் வரவில்லை என்று அதே எண்தான் வரும்.

மின்சாரம் எல்லாம் ஒழுங்காக இருந்தும் வரவில்லையா? ஆயில் அளவுக் குச்சியை இழுத்துப் பாருங்கள். சிரிக்க வேண்டாம், வீடெக்கை இயக்குவதே எஞ்சின் ஆயிலின் அழுத்தம்தான். அளவு சரியென்றால் சொலினாய்டைக் கழற்றி, அதன் கேஸ்கெட்டோடு ஒட்டியிருக்கும் சல்லடையைப் பாருங்கள். கிடங்கில் வெகுகாலம் கிடந்த எஞ்சினில் அது கரிப்பசையால் அடைபட்டிருக்கும்.

வெப்பம் ஏறுகிறது

பாதி நேரம் காற்றுதான் காரணம். ரேடியேட்டர் மூடியைத் திறந்து, மேல் ஹோஸ் எஞ்சினைச் சேரும் இடத்தில் உள்ள காற்றுப்போக்கித் திருகைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் கூலன்ட் வழியும்வரை ஊற்றுங்கள். இதெல்லாம் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது. பிறகு ஹீட்டரை முழு வெப்பத்தில் வைத்து, மின்விசிறி இரண்டு தடவை சுழன்று நிற்கும்வரை ஓடவிட்டு, குறைந்த அளவை நிரப்புங்கள்.

மின்விசிறியே சுழலவில்லை என்றால் அதன் வெப்ப சுவிட்ச் சாக்கெட்டின் இரு முனைகளைச் சிறு வயரால் இணையுங்கள். சுழன்றால் சுவிட்ச் அல்லது காற்றுக்குமிழி. சுழலாவிட்டால் ஃபியூஸ், ரிலே. இடம் போதாமல் மெல்லிய விசிறி மாட்டியவர்கள் அது எந்தப் பக்கம் காற்றைத் தள்ளுகிறது என்று ஒரு காகிதத்தை வைத்துப் பாருங்கள். வயர் மாறினால் தலைகீழாகச் சுழன்று, ஓடும் காரின் காற்றோடு மல்லுக்கட்டும்.

முகப்பு விளக்கைப் போட்டதும் வெப்பமானி முள் எகிறினால் எஞ்சினுக்குக் காய்ச்சல் இல்லை. எர்த் சரியில்லை, மேலே சொன்ன கம்பிகளுக்குத் திரும்பிப் போங்கள்.

கியர் விழவில்லை, அல்லது விழுந்தும் கார் நகரவில்லை

இஜியின் கிளட்ச் ஹைட்ராலிக். 1991-க்கு முந்திய பி16ஏ-வோடு வரும் ஒய்1, எஸ்1 வகை கியர்பாக்ஸ்கள் கேபிள் கிளட்சுக்கானவை. வேலையை நிறுத்தி ஒய்21 போன்ற ஹைட்ராலிக் கியர்பாக்ஸைத் தேடுவதுதான் நேர்வழி. கியர்பாக்ஸ் சரி, ரிவர்ஸ் மட்டும் கரகரக்கிறது என்றால் கிளட்ச் முழுவதும் விடுபடவில்லை. ஹைட்ராலிக் குழாயில் காற்று இருக்கும். கியர் கம்பி சாய்வாக இழுத்து, சில கியர்கள் கிடைக்கவில்லை என்றால் டி வகையின் பழைய இணைப்புத் தண்டையே மாட்டியிருப்பீர்கள். 1994-க்குப் பிந்திய இன்டெக்ராவின் தண்டு வேண்டும்.

முதல் கியர் விழுகிறது, கிளட்சை விட்டதும் ஸ்பீடோமீட்டர் ஏறுகிறது, கார் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. பார்ப்பதற்கு விசித்திரம், காரணம் எளியது: ஒரு டிரைவ் ஷாஃப்ட் உள்ளே முழுவதும் போய் உட்காரவில்லை. வேக சென்சார் டிஃபரென்ஷியலிலிருந்து ஓடுவதால் முள் ஏறுகிறது. சுழற்சி எல்லாம் விடுபட்ட பக்கமே போய்விடுகிறது. ஷாஃப்ட் முனையில் உள்ள வளையம் ‘டிக்’ என்று உட்காரும்வரை தள்ளி, பிறகு இழுத்துச் சோதியுங்கள். ஷாஃப்ட்டின் நீளமே ஒத்துவரவில்லை என்றால், இன்டெக்ராவின் ஷாஃப்ட்டுகளையும் இடைத்தண்டையும் ஒரே காரிலிருந்து எடுத்துப் போடுங்கள்.

அதிர்வு, ‘டொக்’ ஒலி, புகை

ஐடிலில் கார் முழுவதும் நடுங்கினால், எஞ்சின் தொங்கிக்கொண்டிருந்தபோதே மவுண்ட் போல்ட்டுகளை இறுக்கியிருப்பீர்கள். எல்லாவற்றையும் சற்றுத் தளர்த்தி, எஞ்சினைத் தன் எடையில் உட்காரவிட்டு, மறுபடி இறுக்குங்கள். கெட்டியான பாலியூரத்தேன் மவுண்ட் போட்டவர்கள் நடுக்கத்தோடு வாழப் பழக வேண்டும். அது பிழையல்ல, அவர்கள் காசு கொடுத்து வாங்கியது.

ஒரு சிலிண்டர் தவறித் தவறி எரிந்தால் பிளக் வயரைக் கழற்றி முனையைப் பாருங்கள். எண்ணெயில் நனைந்திருந்தால் வால்வு மூடிக்கடியில் உள்ள பிளக் குழி வளையங்கள் கசிகின்றன. மலிவான ரப்பர் வளையங்கள்தாம், மாற்றிவிடலாம்.

வேகத்திலிருந்து காலை எடுக்கும்போது நீலப்புகை வந்தால் வால்வுத் தண்டின் சீல்கள் காய்ந்திருக்கின்றன. எந்நேரமும் புகை என்றால் கம்ப்ரஷன் பாருங்கள். நான்கு சிலிண்டர்களுக்கிடையே 200 கிலோபாஸ்கலுக்கு மேல் வேறுபாடு இருந்தால் அது வயரிங்கால் தீராது. இந்தச் சோதனையை எஞ்சின் வாங்கும் இடத்திலேயே செய்ய விற்பவர் மறுத்தால், அடுத்த கடைக்கு நடங்கள்.

மலேசியாவில் ஓட்டுகிறவர்கள் எஞ்சின் எண் மாறியதை ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்துத் துறை) பதிவு செய்ய வேண்டும், வாகனப் பரிசோதனைக்கும் கொண்டுபோக வேண்டும். பரிசோதனைக்கு முன் ‘பேக்கப்’ ஃபியூஸைக் கழற்றி எண்களை அழித்து, ஒரு வாரமாவது ஓட்டி, விளக்கு மறுபடி எரிகிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.